பழைய உபுண்டு 16.04 சர்வருக்கு உபுண்டு ப்ரோ: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

2023 பிப்ரவரி முதல் வாரம். மதியச் சாப்பாடு முடிந்து லேபில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாமாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒருவன் கதவோரம் வந்து நின்று, "சார், ஒண்ணு காட்டணும். திட்டக் கூடாது" என்றான். உட்காரச் சொன்னேன். நூலகச் சர்வரில் அவனுக்கென்று கொடுத்திருந்த லாகினில் நுழைந்தான். வழக்கமான டாலர் குறி. வீட்டில் கம்பைல் செய்து கொண்டுவந்திருந்த சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டினான். கண் இமைக்கும் நேரம்தான், டாலர் குறி இருந்த இடத்தில் ஹேஷ் குறி வந்து நின்றது. 'ஹூஆம்ஐ' என்று தட்டினான். 'ரூட்' என்று பதில் வந்தது. சர்வரில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரக் கணக்கு அது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களுடையது தென்காசிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி. நானும் ஒரு லேப் உதவியாளரும்தான் மொத்த சிஸ்டம் பிரிவும். அந்த ஒரே சர்வரில்தான் நூலகத்தின் புத்தகக் கணக்கைப் பார்க்கும் கோஹா மென்பொருள் ஓடியது. நூலக வாசலில் யார் எப்போது வந்தார்கள் என்று எழுதும் வருகைப் பதிவும் அதில்தான். போதாததற்கு, பிள்ளைகள் லினக்ஸ் கட்டளைகள் பழகட்டும் என்று ஐம்பது அறுபது லாகின்களும் அதிலேயே கொடுத்து வைத்திருந்தேன். அந்த ஐம்பது பேரில் யார் வேண்டுமானாலும் அன்று ரூட் ஆகியிருக்கலாம். ஒருவன் நேராக என்னிடம் வந்து சொன்னான். அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவன்.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அன்று காலையில்தான் உபுண்டுவில் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளையில் அப்டேட்டும் அப்கிரேடும் போட்டிருந்தேன். '0 அப்கிரேடட், 0 நியூலி இன்ஸ்டால்டு' என்று வந்தது. பூஜ்யம் என்றால் எல்லாம் புதிதாக இருக்கிறது, ஒரு வேலையும் பாக்கியில்லை என்றுதான் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அனுப்புவதற்கு அங்கே ஆளே இல்லை. உபுண்டு 16.04, அதாவது செனியல் செரஸ், 2016 ஏப்ரலில் வந்தது. அதன் சாதாரண ஆதரவு 2021 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் சந்தாதாரர்களுக்கு மட்டுமான, நீட்டித்த பாதுகாப்புப் பராமரிப்புக்கான ஈஎஸ்எம் என்ற தனிக் களஞ்சியத்துக்குப் போயின. அந்தக் களஞ்சியத்தில் சேராத சர்வருக்கு எப்போது கேட்டாலும் பூஜ்யம்தான் பதில்.

பையன் காட்டிய ஓட்டைக்கு ப்வ்ன்கிட் என்று பேர், ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண் சிவிஇ-2021-4034. அனுமதிகளைக் கவனிக்கும் பால்கிட்டோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற கட்டளையில் இருந்த பிழை அது. 2009 மே மாதம் அந்தக் கட்டளை பிறந்ததிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. குவாலிஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2022 ஜனவரி 25இல் வெளியிட்டார்கள். சர்வரில் ஒரு சாதாரண லாகின் இருந்தால் போதும், ரூட் ஆகிவிடலாம். 16.04க்கான திருத்தம் அப்போதே வந்துவிட்டது, ஈஎஸ்எம் வழியாக. என் சர்வர் மட்டும் ஒரு வருடம் அது இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் உதவியாக, பையன் பக்கத்தில் இருக்கும்போதே, பிகேஎக்ஸெக் கோப்பின் செட்யூஐடி பிட்டை, அதாவது யார் ஓட்டினாலும் அதை ரூட்டாக ஓடவைக்கும் அனுமதியை, எடுத்தேன். சிஹெச்மோட் 0755, ஒரே வரி. மறுபடி ஓட்டச் சொன்னேன். டாலர் குறி டாலர் குறியாகவே நின்றது. சரி, ஒரு ஓட்டை அடைத்தாயிற்று. 2021 மே முதல் அன்றுவரை இன்னும் எத்தனை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான், பழைய வெர்ஷன்களுக்கும் ஈஎஸ்எம் திருத்தங்களைத் தரும் சந்தாவான உபுண்டு ப்ரோவுக்குப் போனேன்.

'புது வெர்ஷனுக்கு மாறிவிட வேண்டியதுதானே' என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் வருகைப் பதிவு 2016இல் பழைய மாணவர் ஒருவர் பிஹெச்பி 7.0இல் எழுதிக் கொடுத்தது. பிள்ளைகளின் பதிவு எண்ணையும் போன் நம்பரையும் எம்கிரிப்ட் என்ற குறியாக்க மாட்யூல் கொண்டு பூட்டி வைத்திருந்தார். 18.04க்குப் போனால் பிஹெச்பி 7.2, அதில் எம்கிரிப்ட்டை எடுத்துவிட்டார்கள். 20.04க்குப் போனால் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 5.7 போய் 8 வந்துவிடும். எல்டிஎஸ் எனும் நீண்ட கால ஆதரவு வெர்ஷன் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குத் தாவவும் முடியாது, 16இலிருந்து 18, 18இலிருந்து 20 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் நூலகம் நிற்கும். செமஸ்டர் நடுவில் புத்தகம் கொடுக்கும் மேஜை ஒரு நாள் நின்றால்கூட நூலகர் ஐயா என் அறை வாசலில் நிற்பார்: "தம்பி, வரிசை காண்டீன் வரைக்கும் போயிருச்சு." எனக்குத் தேவைப்பட்டது அவகாசம். பாதுகாப்பான அவகாசம்.

ப்ரோ அந்த 2023 ஜனவரி கடைசியில்தான் முழுமையாக எல்லோருக்கும் திறந்திருந்தது. தனி ஆள் ஐந்து மெஷின் வரை இலவசமாகச் சேர்க்கலாம். என் பெயரில் ஒரு டோக்கன் எடுத்து, சர்வரின் நகலை வீட்டு மெஷினில் வர்ச்சுவல் பாக்ஸில் ஏற்றி, அதில் முதலில் போட்டுப் பார்த்தேன். கல்லூரி சர்வருக்கு முறையாகவே வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சர்வர் ஒன்றுக்கு வருடத்துக்கு 500 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். மூன்று கொட்டேஷன், ஒப்புதல் குறிப்பு, எல்லாம் சுற்றி முதல்வர் மேஜைக்குப் போனது. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "உபுண்டு ஃப்ரீதானே தம்பி? இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உபுண்டு இன்றும் இலவசம்தான். புது வெர்ஷனில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால், அதே ஓட்டை ஆறேழு வருடம் பழைய கோடிலும் இருக்கிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். இருந்தால் புது கோடுக்கு எழுதிய திருத்தம் பழைய கோடில் அப்படியே பொருந்தாது. வெட்டி ஒட்டி, தைத்து, சோதித்து அனுப்ப வேண்டும். பேக்போர்ட் என்பார்கள். பிஹெச்பி 7.0ஐ எழுதியவர்களே 2019 ஜனவரியோடு கைவிட்டுவிட்டார்கள். அதற்கும் திருத்தம் வேண்டுமென்றால் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தக் காசு. கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்கு நூலகம் மூடியதும் ஆரம்பித்தேன். டேட்டாபேஸ் டம்ப் எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்தாயிற்று. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை 'ப்ரோ ஃபிக்ஸ்' என்று தட்டி அந்த சிவிஇ எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டளை எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று. எந்த பேக்கேஜ் பாதிக்கப்பட்டிருக்கிறது, திருத்தம் எங்கே இருக்கிறது, இந்த மெஷின் சந்தாவில் இல்லாததால் போட முடியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, டோக்கன் இருக்கிறதா என்று கேட்டது. டோக்கனைக் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் ஈஎஸ்எம் இன்ஃப்ரா, ஈஎஸ்எம் ஆப்ஸ், லைவ்பேட்ச் என்ற மூன்று சேவைகளும் எழுந்தன. கொஞ்சம் பொறுத்து, பச்சை டிக்கோடு 'ரிசால்வ்டு' என்று வந்தது.

அப்புறம் ஆப்ட் அப்டேட். இரண்டு வருடம் பூஜ்யம் என்றே சொல்லிவந்த திரை, 143 என்றது. ஓப்பன்எஸ்எஸ்எல், அப்பாச்சி, பிஹெச்பி, மைஎஸ்கியூஎல், கர்ல், விம், சிஸ்டத்தின் மையமான கெர்னல் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். அதைப் படித்துக்கொண்டு போகும்போது நெஞ்சு கனத்தது. இத்தனையும் திறந்து கிடந்திருக்கிறது.

இன்ஸ்டால் பாதியில் நின்றது. கெர்னல் போடும்போது, டிஸ்க்கில் இடமில்லை என்று கத்தியது. மொத்த டிஸ்க்கில் முக்கால்வாசி காலி, நிரம்பியது பூட் பார்ட்டிஷன். பழைய 16.04 சர்வர்களில் இது பலருக்கும் நடக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிஸ்க்கைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மோடு இன்ஸ்டால் செய்திருந்தால் பூட் தனியாக அரை ஜிபிக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கெர்னலும், பூட் ஆகும்போது தேவைப்படும் தன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போடு சேர்ந்து ஐம்பது எம்பி பக்கம் எடுக்கும். பழைய கெர்னல்களை யாரும் துடைக்காமல் விட்டால் எட்டு ஒன்பதில் நிரம்பிவிடும். என் சர்வரில் எட்டு இருந்தன. அந்த நிலையில் ஆப்ட்டே நொண்டும். ஆட்டோரிமூவ் போட்டாலும், முதலில் பாதியில் நிற்கும் வேலையை முடி என்று மறுக்கும். 'யூநேம்' கொடுத்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அதையும் அதற்கு முந்தையதையும் விட்டுவிட்டு, மிகப் பழைய மூன்றை, ஆப்ட்டுக்கு அடியில் இருக்கும் டிபிகேஜி கொண்டு ஒவ்வொன்றாக நீக்கினேன். இடம் கிடைத்ததும் ஆப்ட் தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டது. வீட்டு நகலில் இது வரவில்லை, ஏனென்றால் நகல் எடுக்கும்போது பார்ட்டிஷனைப் பெரிதாக்கியிருந்தேன். சோதனைக்கு நகல் எடுப்பவர்கள் டிஸ்க் அளவையும் அப்படியே வையுங்கள்.

எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ரிசால்வ்டு. பூஜ்யம் பாக்கி. இந்தத் தடவை உண்மையான பூஜ்யம். வீட்டுக்குக் கிளம்ப பையை எடுத்தவன், ஏற்கெனவே ஒரு பூஜ்யம் ஏமாற்றியதால் இன்னொரு தடவை உட்கார்ந்தேன்.

எந்த ப்ராசஸ் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டி, அதில் டெல் என்று வரும் வரிகளை மட்டும் வடித்தேன். டிஸ்க்கில் அழிந்துபோன, ஆனால் ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும் லைப்ரரிகளை அது காட்டும். ஆறு ப்ராசஸ்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய லைப்ரரியான லிப்எஸ்எஸ்எல்லையே பிடித்துக்கொண்டிருந்தன. அன்று வந்த அப்டேட்களில்தான் 2023 பிப்ரவரி 7ஆம் தேதி வெளியான சிவிஇ-2023-0286 திருத்தம் இருந்தது. சான்றிதழுக்குள் வரும் ஒரு வகை முகவரியை வேறு வகையாகப் படித்துவிடும் பிழை அது. சில சூழ்நிலைகளில் மெமரியில் உள்ளதை வெளியாள் வாசித்துவிடலாம், அல்லது சர்வரைப் படுக்கவைக்கலாம். டிஸ்க்கில் புது லைப்ரரி உட்கார்ந்திருக்கிறது, ப்ரோ சரியென்கிறது, ஆப்ட் சரியென்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அந்த ப்ராசஸ்களோ 40 நாளுக்கு முன் எழுந்தவை. அவை எழுந்தபோது இருந்த கோடைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டுப் பழைய பூட்டையே கதவில் தொங்கவிட்ட கதை.

இது ப்ரோவின் குறை என்று சொல்ல மாட்டேன். எந்த லினக்ஸிலும் லைப்ரரி அப்டேட் இப்படித்தான். லாகின் செய்யும்போது 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்வயர்டு' என்று நட்சத்திரக் குறிகளோடு ஒரு வரி வரும். அதைத்தான் நாம் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறோம். அன்றிரவு சர்வரை ரீபூட் செய்து, மறுபடி அதே கட்டளையை ஓட்டி, டெல் வரி ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் கிளம்பினேன். இன்றுவரை எனக்கு அதுதான் முறை. ரீபூட்டுக்கு வழியில்லாத நாளில் டெல் வரியில் யார் பேர் வருகிறதோ அந்த சர்வீஸை மட்டுமாவது ரீஸ்டார்ட் செய்வேன்.

திங்கட்கிழமை பையனைக் கூப்பிட்டு, புது பேக்கேஜோடு பிகேஎக்ஸெக்குக்கு செட்யூஐடி பிட் திரும்ப வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் புரோகிராமை ஓட்டச் சொன்னேன். ஓடவில்லை. வேறு இரண்டு விதமாகவும் முயன்றான். ஓடவில்லை. பேக்கேஜின் வெர்ஷன் எண்ணைப் பார்த்தோம். கடைசியில் கூட்டல் குறி போட்டு ஈஎஸ்எம்1 என்று இருந்தது.

லைவ்பேட்ச் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 64 பிட் கெர்னல் 4.4இல் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. கெர்னலின் பெரிய ஓட்டைகளை ரீபூட் இல்லாமல் ஓடும்போதே அடைக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல், ஜிலிப்சி போன்றவற்றை அது தொடாது. ரீபூட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட உதவும், ஒரேயடியாகத் தவிர்க்க உதவாது.

இன்னொரு பாடம் ஏப்ரலில் கிடைத்தது. தானாக அப்டேட் ஆகும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததால் இனி கவலையில்லை என்று இருந்தேன். ஒரு நாள் கையால் ஆப்ட் ஓட்டினால் ஒன்பது பாக்கி, ஒன்பதும் ஈஎஸ்எம். அதன் லாகைத் திறந்து பார்த்தேன். எந்தெந்தக் களஞ்சியத்திலிருந்து எடுக்க அனுமதி என்று ஒரு வரி இருக்கும். அதில் புது ஈஎஸ்எம் களஞ்சியங்களின் பெயரே இல்லை. காரணம் நான்தான். முன்பு ஒரு அப்டேட்டின்போது, 'இந்த கான்ஃபிக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா, பழையதை வைக்கவா' என்று கேட்டதற்கு, யோசிக்காமல் பழையதை வை என்று சொல்லியிருந்தேன். மெயில் முகவரி ஒன்றை மாற்றியதற்காக முழுக் கோப்பையும் பழையதாகவே வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வி வரும்போது வித்தியாசத்தைக் காட்டு என்று டி தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். இன்ஃப்ரா, ஆப்ஸ் இரண்டு வரிகளையும் சேர்த்த பிறகு இன்றுவரை தவறாமல் வருகிறது.

இனி, ப்ரோ எதைக் காக்காது என்பது. வாங்குவதற்கு முன் 'ப்ரோ செக்யூரிட்டி ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். உபுண்டுவின் அடிப்படைக் களஞ்சியமான மெயினிலிருந்து இத்தனை, சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸிலிருந்து இத்தனை, மூன்றாம் தரப்பு இத்தனை என்று பிரித்துக் காட்டும். மெயினை இன்ஃப்ராவும் யூனிவர்ஸை ஆப்ஸும் பார்த்துக்கொள்கின்றன. கோஹாவுக்குத் தேவையான பெர்ல் மாட்யூல்களில் பெரும்பகுதி யூனிவர்ஸில் இருப்பதால் ஆப்ஸ் எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் கோஹா அதன் சமூகத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருவது. மூன்றாம் தரப்பு. அதில் ஓட்டை இருந்தால் ப்ரோவிலிருந்து ஒரு பைட் கூட வராது. கையால் எழுதிய வருகைப் பதிவு எந்தக் கணக்கிலும் வராது. சர்வருக்கு ப்ரோ போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நாங்கள் கோஹாவின் பணியாளர் பக்கத்தை நூலக நெட்வொர்க்குக்குள் மட்டும் திறக்கும்படி ஃபயர்வாலில் கட்டிவிட்டோம். மாணவர் லாகின்கள் எல்லாவற்றையும் வேறொரு பழைய டெஸ்க்டாப்பில் 22.04 போட்டு அங்கே மாற்றினோம். இதை நான் ப்ரோ வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். புத்தகக் கணக்கு இருக்கிற சர்வரில் ஐம்பது பேருக்கு ஷெல் கொடுத்தது என் தவறு.

எனக்கு இன்னும் நெருடும் ஓர் இடம் மைஎஸ்கியூஎல். 5.7க்கு ஆரக்கிளின் ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, 5.7.44தான் கடைசி. ஆரக்கிள் தன் திருத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து விளக்கிக் கொடுப்பதில்லை என்பதால் 8க்கு வரும் திருத்தத்தில் எது 5.7க்கும் பொருந்தும் என்று வெளியாட்கள் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் எங்கள் மைஎஸ்கியூஎல் லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது அதே சர்வரை, தவிர வேறு எங்கும் காது கொடுக்காதபடி வைத்திருக்கிறேன்.

2024 கோடையில் ஒரு வெளி நிறுவனம் வந்து கல்லூரி நெட்வொர்க்கைத் தணிக்கை செய்தது. அறிக்கையில் நூலகச் சர்வருக்கு மட்டும் நாலு பக்கம் சிவப்பு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.2, அப்பாச்சி 2.4.18, எல்லாம் ஆபத்து, உடனே நிறுத்துங்கள் என்று. செயலாளர் அழைத்துவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களின் ஸ்கேனர் வாசலில் தெரியும் வெர்ஷன் எண்ணை மட்டும் படித்துவிட்டு, இந்த எண்ணுக்கு இத்தனை சிவிஇ என்று அட்டவணையைக் கொட்டியிருந்தது. பேக்போர்ட் செய்யும்போது எண் மாறாது, 7.2 கடைசி வரை 7.2தான், உள்ளே இருக்கும் கோடுதான் மாறியிருக்கும். எடுத்துக்காட்டாக சிவிஇ-2018-15473, யூசர் பெயர் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க உதவும் ஓட்டை. 7.7 வரை பாதிப்பு என்று அறிக்கை சொன்னது. பேக்கேஜோடு வரும் மாற்றப் பட்டியலான சேஞ்ச்லாகைத் திறந்து அந்த எண்ணைத் தேடினால், சரிசெய்த நாள், சரிசெய்தவர், எந்த பேட்ச் கோப்பு என்று எல்லாம் இருந்தது. அப்பாச்சியின் எம்ஓடி லுவா ஓட்டையும் அப்படியே. இரண்டு நாள் எடுத்து, சிவப்பு வரி ஒவ்வொன்றுக்கும் சேஞ்ச்லாக் வரியைப் பக்கத்தில் ஒட்டி ஒரு பதில் தயாரித்தேன். பெரும்பாலானவை விலகின. விலகாதவை மூன்று, மூன்றும் கோஹா, வருகைப் பதிவு சம்பந்தப்பட்டவை. அவை உண்மையான ஓட்டைகள். அந்த அறிக்கையில் எங்களுக்கு உபயோகப்பட்டது அந்த மூன்று வரிகள்தான்.

அதே சமயத்தில்தான் ரெக்ரெஎஸ்எஸ்ஹெச் என்ற ஓட்டை வெளிவந்தது, சிவிஇ-2024-6387. 2024 ஜூலை 1ஆம் தேதி. சென்டோஸ் 7 என்ற இன்னொரு லினக்ஸின் ஆதரவு முடிந்த மறுநாள். சென்டோஸ் வைத்திருந்த நண்பர்கள் இரவெல்லாம் போன் செய்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.5இல் நுழைந்து 9.7 வரை இருந்த பிழை அது. எங்கள் 7.2இலும் சென்டோஸின் 7.4இலும் அது இல்லவே இல்லை. வெர்ஷன் எண் பெரிதாக இருப்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது என்று செயலாளருக்குப் புரியவைக்க அந்த வாரம் உதவியது. மாணவர்களுக்குக் கொடுத்திருந்த 22.04 டெஸ்க்டாப்பைத்தான் அன்று நான் ஓடிப்போய் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? 16.04 இன்னும் ஓடுகிறது, உடனே மாற்ற முடியாத காரணம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, மாற்றுவதற்கு நாள் குறித்தாயிற்று என்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்று வருடத்தில் ஒரு ஈஎஸ்எம் அப்டேட்கூட எங்கள் கோஹாவையோ பிஹெச்பியையோ உடைக்கவில்லை. அது சின்ன விஷயம் இல்லை. பழைய கோடைத் தொட்டு ஒன்றும் உடையாமல் தருவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒன்றிரண்டு மெஷின் வைத்திருப்பவர்கள் இலவச டோக்கனை இன்றைக்கே போடலாம். அதே 16.04இல் இணையத்துக்கு நேராகத் திறந்த வெப்சைட் நடத்தும் ஏதோ ஒரு பழைய சிஎம்எஸ்ஸை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அந்த சிஎம்எஸ்ஸைப் பாருங்கள். அதற்கு ப்ரோ துணைக்கு வராது.

16.04 வெளிவந்த நாளிலிருந்து ப்ரோ தரும் பத்து வருட ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் லெகஸி என்று தனியாகக் காசு கட்டி மொத்தம் 15 வருடம் வரை நீட்டலாம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். நாங்கள் வாங்கப் போவதில்லை. கோஹா 2025 டிசம்பர் விடுமுறையில் 24.04 போட்ட புதுச் சர்வருக்குப் போய்விட்டது. வருகைப் பதிவை இரண்டாமாண்டு பிள்ளைகள் நால்வர் புராஜெக்டாக எடுத்துப் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

பாக்கியிருப்பது பழைய தரவு. எழுதியவர் எம்கிரிப்ட்டின் ரைன்டால் 256ஐப் பயன்படுத்தியிருக்கிறார். பெயரைப் பார்த்து ஏஇஎஸ் 256 என்று நினைத்துப் பிள்ளைகள் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் திறக்க ஒரு வாரம் போராடினார்கள். இரண்டும் வேறு: ஏஇஎஸ்ஸில் ஒரே தடவையில் பூட்டும் துண்டான பிளாக் 128 பிட், இதில் பிளாக்கே 256 பிட். ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் திறக்காது. ஆகவே பழைய சர்வரில், பிஹெச்பி 7.0இலேயே, ஒவ்வொரு வருடத்துப் பதிவாகத் திறந்து, புதுப் பூட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 2016 முதல் 2021 வரை முடிந்தது. ஒரு வருடத்துக்கு ஓர் இரவு ஆகிறது. கடைசி வருடமும் போய்ச் சேர்ந்து, நூலகர் ஐயா பத்துப் பதிவை எடுத்துக் கையேட்டோடு ஒத்துப் பார்த்து, "சரியா இருக்கு தம்பி" என்று சொன்ன பிறகு பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுவேன். அதுவரை காலையில் வந்ததும் முதல் வேலை, அதில் லாகின் செய்து டெல் வரிகள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது.